ரேம் ஓவர்கிளாக்: சிஸ்டம் முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது

ரேம் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் மதர்போர்டு புரோகிராம்) வசதியை, அணைத்துவிட்டால் சிஸ்டம் ஒழுங்காக ஓடுகிறதா? ஓடினால் ரேம் ஸ்டிக்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. நாம் கேட்ட வேகம்தான் அதற்கோ, மதர்போர்டுக்கோ, பிராசசருக்கோ கட்டுப்படியாகவில்லை. அணைத்த பிறகும் அதே தொல்லை என்றால்தான் ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் சந்தேகப்பட வேண்டும். கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் இதுதான் முதல் படி. ஒவ்வொரு இடத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

இதை எழுத வைத்தவர்கள், இங்கிருந்து பெங்களூரு எஸ்பி ரோட்டுக்குப் போய்ப் பாகங்கள் வாங்கி வரும் தம்பிகள். காலையில் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பஸ் ஏறுவார்கள், கடை கடையாக ஏறி இறங்கிப் பேரம் பேசி வாங்குவார்கள், ராத்திரி வீட்டுக்கு வந்து மாட்டுவார்கள். பதினோரு மணிக்கு எனக்கு போன் வரும். "அண்ணா, டூப்ளிகேட் ரேமைத் தலையில கட்டிட்டான்." அநேகமாக அப்படி இருக்காது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடப்பதால் பழைய தலைமுறையான டிடிஆர்4 ஸ்டிக்குகளுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது, சந்தேகமும் கூடவே வந்திருக்கிறது. இங்கே பேசுவதும் பெரும்பாலும் டிடிஆர்4 பற்றித்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்பி என்பதே ஓவர்கிளாக்தான், அதாவது சாதாரண வேகத்துக்கு மேல் ஓட்டுவது. பெட்டியில் வேகம் 3200, தாமதம் சிஎல்16, 1.35 வோல்ட் என்று போட்டிருக்கும் ஸ்டிக், போர்டில் மாட்டியதும் 1.2 வோல்ட்டில், 2133, 2400, 2666 என்று ஏதோ ஒரு சாதாரண வேகத்தில்தான் கண் விழிக்கும். பெட்டியில் உள்ள வேகம் ரேம் கம்பெனி தன் ஸ்டிக்குக்குக் கொடுக்கும் வாக்கு. உங்கள் போர்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்து அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. ஏஎம்டி போர்டுகளில் இதே வசதி டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று வேறு பெயர்களில் இருக்கும். அடுத்த தலைமுறையான டிடிஆர்5 என்றால் எக்ஸ்போ.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

எக்ஸ்எம்பி போட்டு சேவ் செய்ததும் திரை கறுத்துவிட்டதா? கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா உட்காருங்கள். போர்டு ரேமோடு பேசிப் பழகும் நேரம் அது, டிரெய்னிங் என்பார்கள். ஒத்துவராவிட்டால் சிஸ்டம் தானே அணைந்து அணைந்து எரியும், சில தடவை முயன்றுவிட்டுப் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். டிடிஆர்5 போட்ட ஏஎம்5 போர்டுகளில் முதல் தடவை பல நிமிடம்கூடப் பிடிக்கும். பதற்றத்தில் நடுவில் சுவிட்சை அணைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. நானும் செய்திருக்கிறேன்.

காத்திருந்தும் வரவில்லையா? சிமாஸை, அதாவது பயாஸில் செய்த மாற்றங்களைப் பிடித்து வைத்திருக்கும் நினைவை, அழிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சம் மீதி கரண்ட் வடிந்துவிடும். பிறகு போர்டில் சிமாஸ் என்று குறித்திருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் சில விநாடி தொட்டுக்கொண்டிருங்கள். பின் எங்கே என்று தெரியாவிட்டால் அந்த வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டினாலும் சரி. பயாஸில் செய்த மற்ற மாற்றங்களும் இதில் போய்விடும், பூட் முறையும் ஃபேன் வேகமும் உட்பட. விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டிருப்பவர்கள் பயாஸைத் தொடுவதற்கு முன்பே மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ரேமைச் சரிசெய்துவிட்டு ஹார்ட் டிஸ்கைத் தொலைத்த கதையாகிவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். ஏ2 என்று குறித்திருப்பார்கள். 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். பாதி போர்டுகளில் ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும், மறுபக்கம் சரியாக உட்காராமல் நம்மை ஏமாற்றும். அந்த ஸ்டிக்கில் வந்தால் அடுத்ததை அதே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். ஸ்டிக் மாறும்போது பழுது மாறுகிறதா, ஸ்லாட் மாறும்போது மாறுகிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஸ்டிக்கின் தங்க நிறப் பல்லை அழிரப்பரால் தேய்ப்பது நம்மூர்க் கடைகளில் பரம்பரை வைத்தியம். பலிக்கவும் செய்யும், ஆனால் தேய்க்கத் தேய்க்க மேல்பூச்சும் போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைப்பது மேல். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகில் வீடு என்றால் ஸ்டிக்கைவிட ஸ்லாட்டுக்குள்தான் மாவு மாதிரி தூசி இருக்கும். பிளோயரால் ஊதிவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: ரைசன் 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜியில் உண்டு. முதலாவதை வைத்துக்கொண்டு போர்டின் எச்டிஎம்ஐயில் ஒயரைச் செருகிவிட்டு ரேமைத் திட்டியவர்களும் உண்டு.

3200 வாங்கினேன், 2666தான் காட்டுகிறது

டாஸ்க் மேனேஜரில் 2666 என்று வருகிறது, சிபியு-இசட் என்ற புரோகிராமில் 1333 என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதான். டிடிஆர் என்றாலே ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு போகும், சிபியு-இசட் துடிப்பை மட்டும் எண்ணிக் காட்டும். 1600 என்று பார்த்துவிட்டுப் பாதி வேகம் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

நிஜமாகவே 2666தானா? பயாஸில் எக்ஸ்எம்பி போட்டீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தும் நிற்கிறது என்றால் போர்டின் பெயரைப் படியுங்கள். பட்ஜெட்டில் ரேம் வாங்குகிறவர்கள் காசைக் கரைப்பது இந்த இடத்தில்தான். இன்டெலின் எச்310, எச்410, பி460 போர்டுகளில் ரேமைப் பிராசசரின் வரம்புக்கு மேல் ஓட்ட வழியே இல்லை. பத்தாம் தலைமுறை ஐ3, ஐ5 என்றால் அந்த வரம்பு 2666. அதற்குமேல் நீங்கள் 3600 போட்டாலும் தங்க முலாம் பூசிய ஸ்டிக்கே போட்டாலும் ஏறாது. எச்610இல் டிடிஆர்4 3200 வரை போகும், அதோடு சரி. பி560, பி660 என்று வரும்போதுதான் இன்டெல் கதவைத் திறக்கிறது. ஏஎம்டி இந்த விஷயத்தில் தாராளம். ஏ520 மாதிரி அடிமட்டப் போர்டிலும் ரேமை ஏற்றலாம்.

ஆகவே வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் போர்டின் வரம்பு, அடுத்து பிராசசரின் வரம்பு, கடைசியில்தான் ரேம். எச்610 வைத்திருப்பவர் 3200க்கு மேல் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் அது வீண். ரைசன் 5000 வைத்திருப்பவருக்கு 3200 சிஎல்16, அல்லது 3600 சிஎல்18, இரண்டு ஸ்டிக் ஒரே பெட்டியில் வரும் கிட். பட்ஜெட்டுக்கு இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

வேகத்தை மட்டும் பார்க்காமல் சிஎல் எண்ணையும் பாருங்கள். கணக்கு எளிது: சிஎல்லை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோவிநாடி. 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18ம் 10. ஆனால் 3200 சிஎல்22 என்றால் 13.75. கடையில் "இதுவும் 3200தான் சார்" என்று விலை குறைத்துக் கொடுக்கும் பச்சை நிற ஸ்டிக் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. 1.2 வோல்ட்டில் ஓடும், எக்ஸ்எம்பி இருக்காது. ஆபீஸ் வேலைக்கு அருமையான சரக்கு. ஓவர்கிளாக் செய்ய வாங்கினால் வருத்தம்தான்.

விண்டோஸ் வருகிறது, கேமுக்குள் போனால் ப்ளூ ஸ்கிரீன்

இதுதான் மிகவும் சிக்கலான அறிகுறி, ஆபத்தானதும்கூட. டிஸ்ப்ளேயே வராத சிஸ்டம் உங்கள் ஃபைல்களைக் கெடுக்காது. பாதி நிதானத்தில் ஓடும் சிஸ்டம் சத்தமில்லாமல் கெடுக்கும்.

என் கதையையே சொல்கிறேன். 3600 கிட் ஒன்றை 3733க்கு ஏற்றினேன். இரண்டு நாள் கேம் ஆடினேன், ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் அக்கா வீட்டுக் கல்யாணப் போட்டோக்களைப் பென் டிரைவிலிருந்து இறக்கி, ஜிப் செய்து வைத்துவிட்டுப் பென் டிரைவை அழித்துக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் சிஆர்சி பிழை, ஃபைல் கெட்டுவிட்டது என்று பொருள். பிழைத்து வந்த படங்களிலும் சிலவற்றில் மாப்பிள்ளை மேல்பாதி, கீழ்பாதி சாம்பல் நிறம். ரேம் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் சொன்னது 3600தான்.

அதனால், ஏற்றிய வேகம் சோதனையில் தேறும்வரை முக்கியமான ஃபைல் எதையும் அந்த சிஸ்டத்தில் தொடாதீர்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற சோதனை புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே பூட் செய்து ராத்திரி ஓட விட்டுத் தூங்கலாம். அது தேறிய பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5. முதலாவது பழுதான ஸ்டிக்கைக் கண்டுபிடிக்க நல்லது, இரண்டாவது ஓவர்கிளாக்கின் நடுக்கத்தைக் கண்டுபிடிக்க நல்லது. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் பல பிழைகளைத் தவறவிடும், அதன் நற்சான்றை நம்ப வேண்டாம். எந்தச் சோதனையிலும் ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ஒண்ணுதானே அண்ணா" என்று கேட்பவரிடம் நான் அந்தச் சாம்பல் நிற மாப்பிள்ளையைக் காட்டுவேன்.

பிழை வருகிறது. என்ன செய்வது? எக்ஸ்எம்பி வேகத்திலேயே வருகிறது என்றால் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். ரைசன் வந்த புதிதில் ரேம் தகராறு பாதி பயாஸ் அப்டேட்டிலேயே தீர்ந்தது. அப்புறம் வோல்ட்டை 1.35இலிருந்து 1.37, 1.40 என்று சிறுகச் சிறுக ஏற்றிப் பாருங்கள். தினசரி ஓட்டத்துக்கு 1.45ஐத் தாண்ட நான் விடமாட்டேன், அதுவும் காற்றோட்டம் இருந்தால்தான். வோல்ட் கூட்டினால் எல்லாச் சிப்பும் சந்தோஷப்படும் என்றும் இல்லை. சாம்சங்கின் பி-டை என்ற சிப் வகை கூட்டக் கூட்ட ஓடும். அதே சாம்சங்கின் சி-டை 1.35க்கு மேல் போனால் முரண்டு பிடிக்கும். மைக்ரான் இ-டை வேகத்தில் நன்றாக ஏறும், ஆனால் 16-18-18-36 என்று எழுதும் டைமிங் (தாமத எண்கள்) வரிசையில் இரண்டாவது எண்ணை எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் இறக்க விடாது. ஆகவே இ-டை என்றால் அந்த இரண்டாவது எண்ணை ஒன்றிரண்டு கூட்டிவிடுங்கள், பல தடவை அதிலேயே அடங்கிவிடும்.

எந்தச் சிப் என்று எப்படித் தெரியும்? தைஃபூன் பர்னர் என்ற புரோகிராம் ஸ்டிக்கின் ஜாதகத்தைப் படித்துச் சொல்லும், எப்போதும் சரியாகச் சொல்லாது என்றாலும். கோர்சேர் ஸ்டிக்கில் லேபிளிலேயே குறிப்பு உண்டு: வெர்ஷன் எண் 3இல் தொடங்கினால் மைக்ரான், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். கடையில் காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

ரைசனில் பிழை ரேமிலிருந்து வராமல் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரிலிருந்தும் வரும். அந்தக் கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.1க்குக் கொண்டுவந்து பாருங்கள். கமாண்ட் ரேட்டை (ஓர் ஆணைக்கு எத்தனை துடிப்பு என்பதை) 1டியிலிருந்து 2டிக்கு மாற்றுவதும் உதவும், இழப்பு கண்ணுக்குத் தெரியாது. எதுவும் எடுபடவில்லை என்றால் வேகத்தை ஒரு படி இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள்.

எல்லாம் சரியான பிறகும் விண்டோஸ் ஹேங் ஆகிறது என்றால், நடுங்கிய காலத்தில் விண்டோஸின் ஃபைல்களே கெட்டிருக்கலாம். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) என்ற விண்டோஸ் பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டுங்கள். சரிசெய்யும் வேலையை நடுங்குகிற கையில் கொடுக்கக் கூடாது.

காலையில் ஓடுகிறது, மத்தியானம் விழுகிறது

மார்கழியில் ராத்திரி பத்து மணிக்குச் சோதித்துத் தேறிய ஓவர்கிளாக், சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்கு விழும். தர்மபுரியில் ஏப்ரல், மே மாதம் நிழலிலேயே 38, 39 டிகிரி போகும். ஓட்டு வீட்டு மச்சில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கேபினெட்டுக்குள் என்ன நிலவரம் என்று யோசித்துப் பாருங்கள். ஓசூரில் இருக்கும் நண்பர் அதே கிட்டை அதே வேகத்தில் நிம்மதியாக ஓட்டுவார். அவர் ஊர்க் காற்று வேறு.

ரேமின் ஒவ்வொரு செல்லும் ஒரு சொட்டு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஓட்டைப் பானை. வடிந்துபோவதற்குள் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். டிடிஆர்4 விதிப்படி 85 டிகிரி வரை 7.8 மைக்ரோவிநாடிக்கு ஒரு தடவை நிரப்பு ஆணை போகும், அதற்குமேல் சூடேறினால் இரட்டிப்பு வேகத்தில் போக வேண்டும். சூடு ஏற ஏறப் பானை வேகமாக ஒழுகும் என்பதே காரணம். ஓவர்கிளாக் செய்யும்போது இந்த நிரப்பும் வேலையில்தான் நாம் கை வைக்கிறோம்: ஒரு தடவை நிரப்பும் நேரத்தை (டிஆர்எஃப்சி) குறைக்கிறோம், இரண்டு நிரப்புக்கு நடுவே உள்ள இடைவெளியை (டிஆர்இஎஃப்ஐ) நீட்டுகிறோம். அதனால் 85 வரை காத்திருக்காமல் முன்னாலேயே விழுகிறது. இறுக்கிக் கட்டிய பி-டை 50 டிகிரியைத் தாண்டும்போதே பிழை காட்டத் தொடங்குவது சகஜம்.

மருந்து: டிஆர்எஃப்சியைத் தளர்த்துங்கள், வோல்ட்டை ஒரு படி குறையுங்கள். கிராபிக்ஸ் கார்டின் சூட்டுக் காற்று நேராக ரேம் மேல்தான் ஏறும், அதனால் ஒரு சாதா 120 மில்லிமீட்டர் ஃபேனை ரேம் பக்கம் திருப்பி வையுங்கள். பளபளக்கும் விளக்கு வைத்த ஸ்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் இந்த ஃபேன் வந்துவிடும், அந்த விளக்கும் தன் பங்குக்குச் சூடுதான் தரும். சோதனையையும் வெயில் ஏறிய பிறகு, கேம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டிக் கார்டு சூடான கையோடு நடத்துங்கள். ஸ்டிக்கில் வெப்பமானி இருந்தால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற புரோகிராம் காட்டும். மலிவு ஸ்டிக்குகள் பலவற்றில் இருக்காது, கைவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் அடம், ரீஸ்டார்ட் செய்தால் சரி

ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த சிஸ்டம் காலையில் இரண்டு மூன்று தடவை அணைந்து எரிந்து எழுகிறது, அதன்பின் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது என்றால் டிரெய்னிங் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். எஸ்ஓசி வோல்ட்டைச் சற்று ஏற்றுங்கள், அல்லது வேகத்தில் ஒரு படி விட்டுக்கொடுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் எக்ஸ்எம்பி மறந்துபோகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். தேதியும் தப்பாக இருந்தால் ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சிமாஸ் பேட்டரி செத்துவிட்டது. பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்.

இரண்டு ஸ்டிக் இருந்தவரை சரி, நான்கானதும் தகராறு

நான்கு ஸ்டிக் என்றால் கன்ட்ரோலருக்குச் சுமை கூடும், வேகம் குறையும். அது இயல்பு. அதே மாடல், அதே எண் பார்த்து இரண்டாவது கிட் வாங்கினாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம், கம்பெனிகள் சொல்லாமலே மாற்றுவார்கள். எல்லாவற்றிலும் மெதுவான ஸ்டிக்கின் எண்களைக் கையால் போட்டு, 3000, 2933 என்று இறங்கிப் பாருங்கள். தேறாவிட்டால் பழைய கிட்டை விற்றுவிட்டுப் பெரிய கிட்டாக ஒன்று வாங்குவதே மலிவு. 8 ஜிபி இரண்டு போதாது என்று தோன்றும் சந்தேகம் இருந்தால் முதலிலேயே 16 இரண்டாக வாங்கிவிடுங்கள்.

பிழை இல்லை, வேகமும் இல்லை

ரைசன் 3000, 5000இல் ரேமை 4000க்கு ஏற்றியவர்களுக்கு வரும் ஏமாற்றம் இது. 3600, 3733 வரை ரேமும் கன்ட்ரோலரும் பிராசசரின் உள் பாதையான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் ஒரே தாளத்தில் ஓடும். அதைத் தாண்டினால் போர்டு கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்குத் தள்ளிவிடும். எண் பெரிது, ஓட்டம் சிறிது. ஸென்டைமிங்ஸ் என்ற புரோகிராமில் இந்த மூன்றின் துடிப்பையும் காட்டும் எம்கிளாக், யூகிளாக், எஃப்கிளாக் மூன்றும் ஒரே எண்ணாக, 3600 என்றால் 1800ஆக, இருக்க வேண்டும். இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து இதே சங்கதி கியர்1, கியர்2 என்ற பெயரில் வரும்.

அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. காரிமங்கலத்திலிருந்து ஒரு தம்பி 5600ஜி சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். 3600 கிட், ஒரு வாரம் டைமிங்கை இறுக்கியிருக்கிறான், நோட்டு நிறைய எண்கள், கேமில் மட்டும் ஒன்றும் கூடவில்லை. கேபினெட்டைத் திறந்தால் இரண்டு ஸ்டிக்கும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில். சிபியு-இசட்டில் சிங்கிள் சேனல், அதாவது ரேமுக்கு ஒரே பாதை. உள்ளேயே கிராபிக்ஸ் வைத்திருக்கும் பிராசசருக்கு ரேம்தான் வீடியோ மெமரியும், பாதை ஒன்றானால் பாதிச் சோறுதான். ஒரு ஸ்டிக்கைக் கழற்றி நான்காவது ஸ்லாட்டில் மாட்டினேன். கேமைத் திறந்து பார்த்துவிட்டு அந்த நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.